சோர்ந்த பூனைக்குட்டி: கேளுங்க, சொல்றன்

கல்லடி: 3 கிழமைக் குட்டி, மழையில நனைஞ்சு வேலியோரம் கிடந்தது. சத்தமில்ல. பால் விட்டா வாயால வழியுது. என்ன வருத்தம்?

பாலை நிப்பாட்டுங்க. வாய்க்குள்ள விரல் வச்சுப் பாருங்க. குளிர்ந்திருந்தா முதல் வருத்தம் அதுதான். விறைச்ச குட்டிக்குக் குடல் வேலை செய்யாது, விழுங்கவும் ஏலாது. பால் நுரையீரலுக்குள்ள போயிரும். ஈரத்தைத் துடைச்சு, சுடுதண்ணிப் போத்தலைத் துவாயில சுத்திப் பெட்டியில ஒரு பக்கம் மட்டும் வைங்க. சூடு கூடினா குட்டி விலக இடம் வேணும். ஆறுதலாச் சூடேறட்டும், அடுப்படியில வைக்காதீங்க. துவண்டு கிடந்தா சீனித்தண்ணி ஒரு துளி முரசில தடவுங்க. தலை தூக்கி விரலைச் சப்பினாத்தான் பால், அதுவும் குப்புற வச்சு. பிள்ளைக்கு மாதிரி மல்லாத்திக் குடுத்தா புரைக்கேறும். குடிச்ச பிறகு ஈரப் பஞ்சால அடியில தடவிச் சலம் போக வைங்க.

முரசையும் பாருங்க. வெள்ளையாயிருந்தா தெள்ளு இரத்தத்தைக் குடிச்சிருக்கலாம். விரல்ல ஒட்டினா நீர் வத்திட்டு. ரெண்டுக்கும் மிருக வைத்தியர்தான்.

காத்தான்குடி: தெள்ளுக்கு நாய் மருந்து போடலாமா?

வேணாம். நாய் மருந்து சிலதில பெர்மெத்ரின் எண்ட பூச்சிமருந்து இருக்கும், அது பூனைக்கு நஞ்சு. தெள்ளுச் சீப்பால வாரி, சீப்பைச் சவுக்காரத் தண்ணியில முக்குங்க.

ஏறாவூர்: குட்டி பால் குடிக்குதில்ல, சோர்வு.

உடம்பு சூடா, குளிரா? கல்லடிக்குச் சொன்னதை வாசிங்க.

அக்கரைப்பற்று: எங்கட உம்மா ஆட்டுப்பால் குடுத்துத்தான் வளர்த்தா. ஒண்டும் ஆகல்ல.

ஒரு இரவைச் சமாளிக்க ஆட்டுப்பால் பரவாயில்ல. ஆனா பூனைப்பால்ல புரதம் அதைப்போல ரெண்டு மடங்கு. அதை மட்டும் குடுத்தா குட்டி தேறாது. குட்டிகளுக்கான பால்மா தேடுங்க.

களுவாஞ்சிகுடி: பசுப்பாலே போதும். எங்கட பட்டியில பூனையெல்லாம் அதிலதான் வளர்ந்தது!

பட்டிப் பூனைக்குத் தாய் இருந்தது தம்பி. நீங்க ஊத்தினது மேலதிகம். தாயில்லாத குட்டிக்கு அது வயித்தோட்டம்.

அக்கரைப்பற்று: அப்ப ஆட்டுப்பால் நல்லமெண்டு ஒத்துக்கிறீங்க?

ஒரு இரவுக்கு எண்டுதான் சொன்னன். ரெண்டு பேரும் இதை விடுங்க. ஒரு நாளைக்கு 10 கிராமாவது நிறை கூடுதா எண்டு தராசில வச்சுப் பாருங்க, தராசு சொல்லும்.

கல்முனை: காய்ச்சல் மாதிரி இரிக்கு. பனடோல் சிரப் கொஞ்சம்?

ஒரு துளியும் வேணாம். பூனையின் ஈரலால அதை முறிக்க ஏலாது. இரத்தம் ஒக்சிசன் காவாது, முரசு மண்ணிறமாகும், செத்திரும். ஏற்கனவே குடுத்திருந்தா இதை வாசிக்காம இப்பவே வைத்தியரிட்ட ஓடுங்க.

வாழைச்சேனை: சின்னக் குட்டி, பால் வேணாங்குது.

குளிரா எண்டு பாருங்க! மூண்டாவது தடவை சொல்றன்.

திருக்கோவில்: 2 மாதம். சத்தி, வயித்தோட்டம், தண்ணிச் சட்டியடியில தலை தொங்குது.

பன்லியூகோபீனியா எண்ட, பூனைக்குப் பூனை தொத்துற வைரஸ் வருத்தமா இருக்கலாம். மத்தப் பூனைகளைப் பிரிங்க. சேலைன் ஏத்த வேணும், விடியும்வரை பாக்காதீங்க. தப்பினதுகளுக்குத் தடுப்பூசி போடுங்க.

பொத்துவில்: தெருக்குட்டிக்கு மருந்து குடுக்கக்குள்ள கடிச்சிட்டு. சின்னப் பல்லுத்தானே?

விசர்நோய்க்குப் பல்லின் அளவு கணக்கில்ல. சவுக்காரம் போட்டு ஓடுற தண்ணியில 15 நிமிசம் கழுவி, இண்டைக்கே ஆசுபத்திரிக்குப் போங்க.