பருமன் ஒன்றாக இருந்தும் புதிய திருகு ஏறாதது ஏன்?

கேள்வி: எங்கள் பட்டறையில் உள்ள பழைய துளையிடும் இயந்திரத்தில், மோட்டாரைப் பீடத்தோடு பிடித்திருக்கும் நான்கு திருகுகளில் ஒன்றின் தலை முனைகள் தேய்ந்து, ஸ்பேனர் வழுக்குகிறது. பருமனை அளந்து, 8 மி.மீ. திருகு ஒன்றைப் புதிதாக வாங்கினேன். மூன்று சுற்று வரை கையாலேயே ஏறி, பிறகு இறுகி நின்றுவிடுகிறது. பலமாக முறுக்கி ஏற்றிவிடலாமா? மற்ற மூன்றையும் மாற்ற வேண்டுமா?

பதில்: இனி ஒரு சுற்றுகூட முறுக்காதீர்கள். சில சுற்றுகள் எளிதாக ஏறிவிட்டுப் பிறகு இறுகும் திருகு, பெரும்பாலும் புரி இடைவெளி, அதாவது அடுத்தடுத்த இரு புரிகளுக்கு இடையிலான தூரம் (பிட்ச்), ஒத்துப்போகாத திருகாகவே இருக்கும். திருகு கெட்டால் வேறொன்று வாங்கலாம்; பீடத்தின் உள்ளே உள்ள புரி சிதைந்துவிட்டால், துளையைப் பெரிதாக்கிப் புதுப் புரி வெட்டவோ, புரியாகப் பயன்படும் கம்பிச்சுருளைச் செருகவோ வேண்டியிருக்கும்.

இயந்திரம் பழையது என்பதால், கழற்றிய திருகு 5/16 அங்குல அளவினதாக இருக்கலாம் என்று கருதுகிறேன். அதன் விட்டம் 7.94 மி.மீ.; தேய்ந்த திருகில் இதையும் 8 மி.மீ.யையும் பிரித்தறிவது கடினம். ஆனால், அந்த அளவின் சாதாரணப் புரியில் ஓர் அங்குலத்துக்கு 18 புரிகள் இருப்பதால் ஒவ்வொன்றுக்கும் இடைவெளி ஏறக்குறைய 1.41 மி.மீ. ஆகிறது; 8 மி.மீ. மெட்ரிக் திருகிலோ அது 1.25 மி.மீ.தான். பழையதையும் புதியதையும் புரியோடு புரி பொருந்தும்படி பக்கவாட்டில் சேர்த்து வெளிச்சத்துக்கு எதிரே பிடித்தால், முதல் இரண்டு மூன்று புரிகள் ஒன்றோடொன்று படிந்திருக்க, அதற்கப்பால் முகட்டின் மேல் முகடு ஏறி நின்று இடையே ஒளி கசிவதைக் காண்பீர்கள். பத்துப் புரி நீளத்தை அளந்தும் உறுதி செய்துகொள்ளலாம்: மெட்ரிக்கில் 12.5 மி.மீ., அங்குல அளவில் 14.1 மி.மீ.

சரியான திருகு, எண்ணெய் தடவாமலே, விரலால் கடைசி வரை ஏற வேண்டும். வாங்கும்போது திருகின் வலிமையைக் காட்டும் தரக்குறியையும் பாருங்கள். அங்குலத் திருகின் தலையில் மூன்று கோடுகள் இருந்தால் 5ஆம் தரம், ஆறு கோடுகள் இருந்தால் 8ஆம் தரம், மெட்ரிக்கில் 8.8, 10.9 போன்ற எண்கள் பொறிக்கப்பட்டிருக்கும். பழையதில் இருந்த தரத்துக்குக் குறையாமல் வாங்குவது அவசியம். குறியே இல்லாத மலிவான திருகை, அதிரும் மோட்டாருக்குப் போடுவதை நான் ஒப்பமாட்டேன்.

நான்கையும் சேர்த்தே மாற்றுங்கள். ஒன்று தளர்ந்திருந்தால், அதன் சுமையையும் மற்ற மூன்றும்தான் தாங்கியிருக்கும். அவற்றின் புரிகள் நீண்டிருந்தாலும் கண்ணுக்குத் தெரியாது. தட்டையாகிப்போன ஸ்பிரிங் வாஷர்களை மீண்டும் போடாதீர்கள். புதியவற்றைப் போட்டாலும், தொடர்ந்து அதிரும் இடத்தில் அவற்றை மட்டும் நம்பியிருக்க முடியாது. துளையையும் திருகையும் எண்ணெய்ப் பிசுக்கு நீங்கத் துடைத்து, பின்னர் கழற்றக்கூடிய நடுத்தர வலிமையுள்ள புரிப்பசையை (திருகு தளராமல் பிடிக்கும் பசை) ஓரிரு துளி இட்டு, நான்கையும் குறுக்குக் குறுக்காக, சிறிது சிறிதாக இறுக்குங்கள்.