கழிவுநீர் வேலைக்கு மகளை அனுப்பலாமா?

கோத்தகிரியில் இருந்து எழுதிய அம்மாவுக்கு வணக்கம். ஆலைக் கழிவுநீரில் கலந்த உலோகத்தைப் பிரிக்கும் துறைதான் வேண்டும் என்று பிளஸ் டூ முடித்த மகள் நிற்கிறாள், "சாக்கடையில் நிற்கவா படிக்க வைத்தோம்" என்று அவள் அப்பா வருந்துகிறார் என்று எழுதியிருந்தீர்கள். அப்பாவின் கவலை புரிகிறது. ஆனால் அந்த வேலை அவர் நினைப்பதுபோல் இல்லை.

கோவையில் ஒரு முலாம் பூசும் பட்டறை என்று வைத்துக்கொள்ளுங்கள். குரோமியம் கலந்த தண்ணீர் மஞ்சளாக வரும். அதிலிருக்கும் ஆறு இணைதிறன் குரோமியம் என்ற வகை புற்றுநோய் தரக்கூடியது. அமிலம் விட்டு பி.எச். அளவை (அமிலம் கூடினால் குறையும், காரம் கூடினால் ஏறும் எண்) 2, 3-க்கு இறக்கி சோடியம் மெட்டாபைசல்பைட் என்ற ரசாயனத்தைப் போட்டால் மஞ்சள் மாறிப் பச்சையாகும். நச்சு பெருமளவு குறைந்துவிட்டது என்று அர்த்தம். அப்புறம் சுண்ணாம்பு போட்டு 8, 9-க்கு ஏற்ற வேண்டும். குரோமியம் திரிதிரியாகத் திரண்டு அடியில் படியும். சுண்ணாம்பு கூடிப்போனால் படிந்தது மறுபடி கரையும். கூடவே நிக்கல் இருந்தால் அது 10-க்குப் பக்கத்தில்தான் சரியாகப் படியும். எதை எவ்வளவு போடுவது என்று முதலில் பீக்கரில் பார்த்துத்தான் தொட்டிக்குப் போவார்கள். தண்ணீர் தெளிந்துவிட்டால் மட்டும் போதாது. ஆற்றில் விட ஆறு இணைதிறன் குரோமியம் லிட்டருக்கு 0.1 மில்லிகிராமைத் தாண்டக்கூடாது. பாதரசம் என்றால் 0.01. முழுக்க முழுக்க வேதியியல்தான் அம்மா.

கொடைக்கானலில் பாதரச வெப்பமானி ஆலை 2001-ல் மூடப்பட்டது. மண்ணில் சிந்திய பாதரசம் அதோடு போகவில்லை. அதை அகற்றும் பேச்சு பல வருடம் நீண்டது. மலையில் பிறந்த பிள்ளை இந்தத் துறைக்கு வருவது எனக்கு உண்மையிலேயே சந்தோஷம்.

கஷ்டமும் உண்டு. ஷிப்ட் வரும், அமிலத்தோடு புழங்க வேண்டும், ஆரம்பச் சம்பளம் பெரிதாக இருக்காது. வேலை பெரும்பாலும் மலைக்குக் கீழே சமவெளியில்தான்: கோவை, ராணிப்பேட்டை, சென்னை.

படிப்பு விஷயத்தில் என் கருத்து, இப்போதே குறுகலான பட்டத்துக்குப் போக வேண்டாம். கவுன்சலிங்கில் பி.இ. அல்லது பி.டெக். கெமிக்கல் கிடைத்தால் எடுங்கள்; சுற்றுச்சூழல் பொறியியலை மேற்படிப்பில் பார்க்கலாம். காரைக்குடியில் உள்ள மத்திய மின்வேதியியல் ஆய்வு நிறுவனமான சிக்ரியில் மின்வேதியியலோடு சேர்ந்த பி.டெக். இருக்கிறது, அதையும் பட்டியலில் போடுங்கள். வெளியூர் வேண்டாம் என்றால் ஊட்டி அரசு கலைக் கல்லூரியில் வேதியியல், பிறகு எம்.எஸ்ஸி., அதிலிருந்து பரிசோதனைக்கூட வேலை. மாசுக் கட்டுப்பாட்டு வாரிய அறிவிப்பை மட்டும் நம்பி உட்கார வேண்டாம், அது அடிக்கடி வராது.

பட்டியல் போடும் முன் மகளிடம் ஒன்று கேளுங்கள்: பள்ளியில் சால்ட் அனாலிசிஸ் (உப்பில் என்ன இருக்கிறது என்று கண்டுபிடிக்கும் சோதனை) செய்தது பிடித்ததா, மார்க்குக்காகச் செய்தாளா? பிடித்தது என்றால் தைரியமாக அனுப்புங்கள்.