தெரியுதா, தெரியலையா?

கேள்வி: வீட்டில் உட்கார்ந்தபடியே பார்க்க, அதிகம் தெரியாத நல்ல படங்கள் இப்போது நிறையக் கிடைக்கின்றன. ஆனால் பார்த்தவர்கள் சொல்வதைக் கேட்டால் ஒருவர் காவியம் என்கிறார், அடுத்தவர் ஒரே லேக் என்கிறார். யாரை நம்பி ஒரு ராத்திரியைச் செலவழிப்பது?
- பெயர் வேண்டாம், பாலக்கோடு.

பதில்: போன இதழில் தக்காளி விலையைத் திட்டி எழுதிய உங்கள் ஊர்க்காரர் பெயர், தெரு, தகப்பனார் பெயர் எல்லாம் போட்டு எழுதினார். நீங்கள் சினிமா பற்றி ஒரு கேள்வி கேட்டுவிட்டு 'பெயர் வேண்டாம்' என்று இரண்டு முறை அடிக்கோடு போட்டிருக்கிறீர்கள். சரி, வீட்டில் என்ன சொல்லிவிட்டுப் பார்க்கிறீர்களோ, அது எனக்கெதற்கு.

'அதிகம் தெரியாத படங்கள்' என்கிறீர்களே, அங்கேயே நான் நின்றுவிட்டேன். எங்கள் காலத்தில் எல்லா நல்ல படமும் தெரியாத படம்தான். ஞாயிற்றுக்கிழமை மதியம் தூர்தர்ஷனில் மாநில மொழிப் படம் போடுவார்கள், கீழே இங்கிலீஷ் எழுத்து ஓடும். வங்காளம், ஒரியா, அசாமி என்று ஊரெல்லாம் சுற்றிக்கொண்டு தமிழுக்கு முறை வரும் அந்த ஒருநாள் பார்த்துக் காற்றடித்து ஆண்டெனா திரும்பிக்கொள்ளும். நான் மொட்டை மாடியில், அப்பா வாசலில், தங்கை டிவி முன்னால். "தெரியுதா?" "தெரியலப்பா." "இப்போ?" "கோடு கோடாத் தெரியுது." "ஆளு தெரியுதா?" "ஒரு ஆளு ரெண்டு ஆளாத் தெரியுது." இப்படி நான் மாடியிலிருந்து பார்த்த விருதுப் படங்கள் ஏராளம். அதாவது பார்த்தது பக்கத்து வீட்டுத் தென்னை மரம், படம் காதில் விழுந்ததோடு சரி. அதுவும் எவ்வளவு விழும்? விருதுப் படத்தில் யாரும் வாயைத் திறக்க மாட்டார்களே.

அப்புறம், யாருக்குத் தெரியாத படம் என்று ஒரு கேள்வி இருக்கிறது. 'கூழாங்கல்' 2021இல் நெதர்லாந்தின் ரோட்டர்டாம் திரைப்பட விழாவில் டைகர் விருது வாங்கியது. அந்த வருடம் இந்தியா சார்பில் ஆஸ்கருக்கும் போனது. நம் வீட்டுக்கு சோனி லைவ் வழியாக வந்து சேர 2023 ஆகிவிட்டது. ரோட்டர்டாமில் தெரிந்த படம் பொம்மிடியில் தெரியவில்லை. குடிகார அப்பன் பையனைப் பள்ளிக்கூடத்திலிருந்து இழுத்துக்கொண்டு, கோபித்துக்கொண்டு போன பெண்டாட்டியின் ஊருக்குப் போகிறான், திரும்பி வருகையில் இரண்டு பேரும் பொட்டல் வெயிலில் நடக்கிறார்கள். கடைசியில் பெண்கள் குழியில் ஊறுகிற தண்ணீரைக் கொஞ்சம் கொஞ்சமாக மொண்டு ஊற்றிக் குடம் நிரப்பக் காத்திருக்கிறார்கள். மதுரைப் பக்கத்துக் கதை, ஆனால் மே மாதத்தில் அரூரைத் தாண்டிக் கிழக்கே நடந்தவனுக்கு வசனமே வேண்டாம். மொத்தப் படமும் ஒன்றேகால் மணி நேரம்தான். இதைத்தான் 'லேக்' என்று எனக்கு ஒருவர் எழுதியிருந்தார். ஒன்றரை மடங்கு வேகத்தில் ஓடவிட்டுப் பார்த்தாராம். கணக்குப் போட்டால் ஐம்பது நிமிடம். அந்த ஐம்பது நிமிடத்திலும் நடுவில் இரண்டு போன் வந்ததாக அவரே எழுதியிருக்கிறார். வெயிலில் நடக்கிற பையனை ஓடவிட்டுப் பார்த்தால் அது விளையாட்டுப் போட்டி மாதிரிதான் தெரியும்.

இந்த 'லேக்' மேல் எனக்குத் தீராத கோபம் உண்டு, வாசகர்கள் மன்னிக்கணும். நமக்குச் சலிப்பைச் சொல்ல வார்த்தைப் பஞ்சமா? என் சிறுவயதில் 'அறுவை' என்றார்கள். அறுப்பதற்கு ஆயுதம் வேண்டுமே என்று அப்புறம் 'ரம்பம்' வந்தது. ரம்பம் தூக்கிச் சுமக்க முடியாத கல்லூரிப் பிள்ளைகள் 'பிளேடு' என்றார்கள். ஆயுதமே வேண்டாம், பல் போதும் என்று 'கடி' வந்தது. கடைசியாக 'மொக்கை'. கவனித்தீர்களா, ஒரு தலைமுறை முழுக்கக் கூரான சாமானாலேயே அறுபட்டு, கூர் மழுங்கிப்போன இடத்தில்தான் மொக்கை வருகிறது. ஒரு கத்தியின் முழு வாழ்க்கை வரலாறு! இதில் 'லேக்' எங்கே உட்காரும்? நெட் சரியாக வராமல் போன் திக்குவதற்கு உள்ள பேரை, நெட் சரியாக வந்து ஓடுகிற படத்துக்கு வைத்திருக்கிறோம். 'ஜவ்வு' என்று சொல்லுங்கள், ஒத்துக்கொள்கிறேன். திருவிழாவில் ஜவ்வுமிட்டாய்க்காரர் இழுப்பார், இழுப்பார், இழுத்துக்கொண்டே இருப்பார், கடைசியில் கையில் ஒரு வாட்ச் கட்டிவிடுவார். அந்த இழுவையில் ஒரு வாட்ச்சாவது மிஞ்சியது.

பென்னாகரம் பக்கம் கூத்துப் பார்த்தவர்கள் இந்த வார்த்தையைச் சொல்லவே கூசணும். இரண்டு பேர் ஒரு வேட்டியைத் திரையாகப் பிடித்துக்கொண்டு நிற்பார்கள். அதற்குப் பின்னால் துரியோதனன் வந்து நின்று, தான் யார், தன் குலம் என்ன, கிரீடம் என்ன என்று பாடுவான். அரை மணி ஆகும் ஆள் முழுசாக வெளியே வர. கட்டியங்காரன் நடுவில் புகுந்து ஊர்த் தலைவரைக் கிண்டல் பண்ணிவிட்டுப் போவான். ராத்திரி பத்து மணிக்கு ஆரம்பித்தால் கர்ணன் சாக விடிந்துவிடும். எங்கள் ஆயா சாக்கு விரித்து உட்கார்ந்து, நடுவில் இரண்டு மணி நேரம் நன்றாகத் தூங்கி, சரியாகக் கர்ணன் மார்பில் அம்பு பாயும்போது எழுந்து அழும். அதற்கு எந்த வேகப் பொத்தானும் தேவைப்படவில்லை.

சரி, நானும் யோக்கியன் இல்லை. விசிடி காலத்தில் பேருந்து நிலையத்துக்குப் பின்னால் ஒரு வாடகைக் கடையில் விருது வாங்கிய படம் ஒன்று எடுத்துவந்தேன், இரண்டு சிடி. கடைக்காரர் உறை மாற்றிப் போட்டிருந்தார், நான் இரண்டாவதை முதலில் போட்டேன். சாவு வீட்டில் ஆரம்பித்தது. அசந்துபோனேன். நடு வழியில் 'நன்றி, வணக்கம்' வந்தது, அதற்குப் பிறகு படத்தின் பெயர் வந்தது, செத்துப்போன கிழவர் திண்ணையில் உட்கார்ந்து வெற்றிலை போட்டுக்கொண்டிருந்தார். இதே பக்கத்தில், இதே மூன்றாம் பத்தியில் எழுதினேன்: சாவில் தொடங்கி வாழ்வில் முடிக்கும் துணிச்சல், படத்தின் பெயரையே நடுவில் போடும் புதுமை, தமிழுக்குப் புதுசு என்று. பாராட்டி நான்கு கடிதம் வந்தது. அவர்கள் எந்த வரிசையில் பார்த்தார்கள் என்று இன்றுவரை எனக்குப் புரியவில்லை. ஐந்தாவது கடிதம் கடத்தூர்ப் பேராசிரியர் நண்பருடையது, ஒரே வரி: "சிடியை மாத்திப் போட்டுட்டீங்க சார்." அன்றிலிருந்து எனக்கும் அவருக்கும் ஆகாது. நல்ல படத்தை இருட்டில், தனியாக, பேசாமல் பார்க்கணும் என்பது அவர் கட்சி. விதைக் கடலைக்காய் உரித்துக்கொண்டே நாலு பேரோடு பார்க்கலாம் என்பது என் கட்சி.

என் கட்சிக்கு ஆதாரம் உண்டு. தொண்ணூறுகளில் எங்கள் வீட்டில் மாடி எடுத்தபோது மழை பிடித்துக்கொண்டு வேலை நின்றது. மேஸ்திரியும் ஒரு சித்தாள் அம்மாவும் உள்ளே ஒதுங்கினார்கள். கரண்ட் போகாத அதிசய மழை. டிவியிலிருந்து நானே பதிவு செய்து வைத்திருந்த 'வீடு' கேசட்டைப் போட்டேன். 1988இல் வந்த பாலு மகேந்திரா படம், அர்ச்சனாவுக்குத் தேசிய விருது வாங்கித் தந்தது. ஒரு பெண் கடன் வாங்கிச் சின்னதாக ஒரு வீடு கட்டப் படாதபாடு படுகிறாள், அவ்வளவுதான் கதை, பாட்டு கிடையாது. கான்ட்ராக்டர் சிமெண்டில் கை வைக்கிற இடம் வந்ததும் மேஸ்திரி பீடி பிடிக்க வெளியே போய்விட்டார். படத்தில் அந்தத் திருட்டை உடைப்பதும் ஒரு கூலிக்காரப் பெண்தான். எங்கள் சித்தாள் அம்மா வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார், "இதுல ஒண்ணும் பொய்யில்ல சார்" என்றார். மறுநாளிலிருந்து எங்கள் வீட்டு மூட்டைக் கணக்கு சரியாக இருந்தது. அந்தப் படத்தைப் பற்றி அதைவிட நல்ல கருத்தை நான் படித்ததில்லை. பேராசிரியர் அது கருத்தே இல்லை, தகவல் என்கிறார்.

இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன். 2016இல் திரைக்கு வந்த 'திதி' என்ற கன்னடப் படத்தைப் பற்றி ஓசூர்க்காரர் ஒருவர் சொன்னார், "பதினோராம் நாள் சோத்துக்கு நடக்கிற கலாட்டா அப்படியே எங்க சித்தப்பா வீட்டுது." மாண்டியா பக்கத்துக் கிராமத்து ஆட்களையே நடிக்க வைத்து எடுத்தது. 101 வயதுக் கிழவர் செத்துப்போக, வீட்டில் யாரும் அழுவதாகக் காணோம். நான் உடனே பார்த்தேன். உங்கள் கேள்விக்கு என்னிடம் இருக்கிற பதில் இவ்வளவுதான்: காவியம் என்பவரையும் விடுங்கள், லேக் என்பவரையும் விடுங்கள், சித்தப்பாவைக் கூட்டிக்கொண்டு வருகிறவர் பேச்சைக் கேளுங்கள். ரஜினி, கமல் இரண்டு பேரும் இருந்தே 'அவள் அப்படித்தான்' இன்னும் பாதிப் பேருக்குத் தெரியாத படம், நட்சத்திரத்தை எண்ணி என்ன ஆகப்போகிறது.

ராத்திரியைச் செலவழிப்பது என்று கணக்குப் பார்க்கிறீர்களே, படம் அங்கேயே இருக்கும் என்ற தைரியம்தானே? ஒப்பந்தம் முடிந்தால் ஒரு நாள் காலையில் பட்டியலிலிருந்து காணாமல் போய்விடும். 'வீடு' படத்தின் மூல நெகடிவே இப்போது இல்லை என்று பாலு மகேந்திரா வருத்தப்பட்டுச் சொல்லியிருக்கிறார். அதற்கு யார் காரணம் என்று எனக்குச் சொல்லத் தெரியாது. என்னுடைய கேசட் இல்லாமல் போனதற்குக் காரணம் தெரியும். சித்தாள் கதையைக் கேட்டுவிட்டு, "ஒரு வாரத்துல தர்றேன் சார்" என்று கடத்தூர்ப் பேராசிரியர் வாங்கிக்கொண்டு போனார். இருபத்தைந்து வருடத்துக்கு மேல் ஆகிறது. கேசட் போடும் டெக் என்னிடம் இப்போது இல்லை, அது வேறு விஷயம். கேசட் வரணும்.