கேள்வி பதில்: ‘மிஸஸ் டாலோவே’ நாவலும் நடுவயதின் தன்னறிதலும்

கேள்வி: கணவர் நாடாளுமன்ற உறுப்பினர், வீட்டில் பணியாளர்கள், மாலையில் விருந்து என்று வாழும் லண்டன் சீமாட்டியின் கதையைத் தன்னறிதல் நாவல் என்று எப்படிச் சொல்கிறார்கள்?

பதில்: வர்ஜீனியா வுல்ஃப் 1925இல் வெளியிட்ட இந்நாவல், 1923 ஜூன் மாதத்தின் ஒரே நாளில் நிகழ்கிறது. நாயகி கிளாரிஸா டாலோவேக்கு 52ஆம் வயது தொடங்கியிருக்கிறது. இன்ஃபுளுயென்சா காய்ச்சலுக்குப் பின் இதயம் பலவீனமாகி, மாடியறையில் குறுகிய கட்டிலில் தனியாக உறங்குகிறார். அவர் வீட்டைத் துறந்து எங்கும் புறப்படுவதில்லை. இளமையில் தன்னைக் காதலித்த பீட்டர் வால்ஷை மறுத்து, இப்போதைய கணவர் ரிச்சர்டை மணந்த முடிவை, விருந்துக்கான வேலைகளுக்கிடையே மனத்துக்குள் மீண்டும் மீண்டும் எடுத்துப் பார்க்கிறார். வாழ்ந்துவிட்ட வாழ்க்கையை நேர்கொண்டு பார்க்கும் அந்தத் துணிவைத்தான் நான் தன்னறிதல் என்கிறேன்.

கேள்வி: எனக்கு 49 வயது, கூட்டுக்குடும்பத்தின் மூத்த மருமகள். பாண்ட் தெருவில் நடக்கும்போது, தான் இப்போது கிளாரிஸாகூட இல்லை, மிஸஸ் ரிச்சர்ட் டாலோவே மட்டுமே என்று அவர் எண்ணும் இடத்தில் அழுதுவிட்டேன். எங்கள் இருவருக்கும் ஒரு பொருத்தமும் இல்லையே?

பதில்: பொருத்தம் இல்லாததே காரணம் என்று நினைக்கிறேன், அம்மா. நம் ஊர்க் கதையைப் படிக்கும்போது ‘எங்கள் வீட்டில் இப்படி இல்லை’ என்று ஒப்பிட்டுக்கொண்டே போகிறோம். அந்நிய தேசத்துக் கதையில் அந்த எச்சரிக்கை தளர்ந்துவிடுகிறது. ‘பெரிய மருமகள்’, ‘சாரோட வீட்டம்மா’ என்றே ஆண்டுக்கணக்கில் அழைக்கப்பட்டு, ரேஷன் அட்டையிலும் வங்கிப் படிவத்திலும் மட்டுமே தம் பெயரைக் காணும் பெண்களை நானும் அறிவேன். வுல்ஃப் அந்த இழப்பைப் புலம்பலாக்காமல், கடைத்தெருவில் நடப்பவருக்குச் சட்டென்று தோன்றி மறையும் எண்ணமாக எழுதியதால், நாம் சுதாரித்துக்கொள்ளும் முன்பே அது மனத்தில் இறங்கிவிடுகிறது.

பொருத்தமே இல்லாத இருவருக்கிடையே இத்தகைய உறவு நாவலுக்குள்ளேயே நிகழ்கிறது. போரில் மனம் சிதைந்த செப்டிமஸ் என்ற இளைஞன் உயிரை மாய்த்துக்கொண்ட செய்தி, மருத்துவரின் மனைவி வழியாக விருந்துக்கு வந்து சேர்கிறது. அவனைக் கிளாரிஸா ஒருமுறைகூடச் சந்தித்ததில்லை. ஆயினும் தனியறைக்குள் சென்று நிற்கும்போது, தானும் அவனைப் போன்றவள்தான் என்று உணர்கிறார். தொடக்கத்தில் செப்டிமஸ் என்ற பாத்திரமே இல்லை, கிளாரிஸாவே இறப்பதாக இருந்தது என்று 1928ஆம் ஆண்டுப் பதிப்பின் முன்னுரையில் வுல்ஃப் எழுதியிருக்கிறார். அதை அறிந்தபின் அந்தக் காட்சியை மறுபடி வாசித்துப் பாருங்கள்.

கேள்வி: ஆண்களுக்கு இதில் ஒட்டுதல் ஏற்படுமா?

பதில்: எனக்கு ஏற்பட்டது. ரிச்சர்ட், மனைவியிடம் தன் அன்பை வாய்விட்டுச் சொல்லியே தீர்வது என்று ரோஜாக்களோடு வீட்டுக்கு நடந்துவருகிறார். வந்தபின் பூக்களை நீட்டுகிறாரே தவிர, சொல் வரவில்லை. அம்மா நோயுற்றிருந்த நாட்களில் என் தந்தை மாதுளம்பழங்களை வாங்கிவந்து, சமையலறை மேடையில் வைத்துவிட்டு, ஒன்றும் பேசாமல் செய்தித்தாளோடு அமர்ந்துவிடுவார். அவரை நான் புரிந்துகொண்டது இந்தப் பக்கங்களில்தான்.

கேள்வி: அத்தியாயப் பிரிவே இல்லை, யாருடைய நினைவு எங்கே தொடங்குகிறது என்று குழம்புகிறது.

பதில்: லண்டன் மணிக்கூண்டான பிக் பென்னின் மணியோசையைப் பிடித்துக்கொள்ளுங்கள், நேரம் எவ்வளவு என்பதை அது சொல்லிவிடும். நாளுக்குச் சில பக்கங்கள் என்று துண்டாக்காமல், விடுமுறை நாளில் நீண்ட நேரம் உட்கார்ந்து வாசித்தால், முதல் முப்பது பக்கங்களுக்குப் பிறகு குழப்பம் பெரும்பாலும் நீங்கிவிடும்.