ஏப்ரல்ல சுவிஸ் பனிமலை: மத்தியானம் வேணாம் தம்பி

கல்லடியில இருந்து அண்ணனிட்ட சுவிசுக்குப் போறீங்க, குளிருக்குப் பயந்து மத்தியானம் வெயில் ஏறினாப்புறகு மலையில நடக்கலாமா எண்டு கேட்டிருந்தீங்க. வேணாம். மேகமில்லாத ராவில பனி இறுகும், விடிய வெள்ளன அதுக்கு மேல நடக்கலாம், மறுகா வெயில் பட்டு உருகின தண்ணி உள்ளுக்கு இறங்கி பனியிட பிடிப்பு விட்டுரும், 30 பாகைக்கு மேல சரிவெண்டா அப்படியே வழுக்கிக்கொண்டு வரும். கிழக்குப் பார்த்த சரிவுதான் முதல்ல இளகும். ராவு மேகம் மூடிக்கிடந்தா காலையிலயும் நம்பேலாது. சப்பாத்து கணுக்கால் மட்டும் புதையுதா, திரும்பிருங்க, அண்ணன் சிரிச்சாலும் பரவால்ல. டாவோஸ்ல இருக்கிற எஸ்எல்எஃப் எண்ட பனி ஆராய்ச்சி நிறுவனத்திட பனிச்சரிவு அறிக்கைய ஒயிட் ரிஸ்க் ஆப்ல பாருங்க, ஆபத்துக்கு 5 மட்டம் இருக்கு, 3 எண்டா நடுத்தரம் எண்டு நினைச்சிராதீங்க, அது கணிசமான ஆபத்து.