பண்ணைப் பங்குக் காய்கறி: சந்தாவை நிறுத்துவதா, தொடர்வதா?

கேள்வி: நாங்கள் சேலம் அழகாபுரத்தில் வசிக்கிறோம். நானும் கணவரும் வேலைக்குச் செல்கிறோம். வீட்டில் மாமியாரும் பள்ளியில் படிக்கும் மகளும் இருக்கிறார்கள். ஏற்காடு மலையில் சில விவசாயிகள் சேர்ந்து நடத்தும் இயற்கைப் பண்ணையில் 12 வாரத்துக்கு 7,200 ரூபாய் முன்பணம் கட்டிப் பங்கு எடுத்திருக்கிறோம். சனிக்கிழமைதோறும் சுமார் 6 கிலோ காய்கறி வருகிறது. அதில் 2 கிலோவாவது வாடியும் அழுகியும் குப்பைக்குப் போய்விடுகிறது. அதுபோக, உழவர் சந்தையில் வெங்காயம், தக்காளி, உருளைக்கிழங்கு 150 ரூபாய்க்கும், மற்ற காய்கள் 100 ரூபாய்க்குமாக வாரம் 250 ரூபாய் செலவாகிறது. பண்ணையிலிருந்து வரும் அதே காய்களைச் சந்தையில் 350 ரூபாய்க்கு வாங்கிவிடலாம் என்கிறார் மாமியார். இன்னும் 8 வாரம் பாக்கி இருக்கிறது. அடுத்த முறை 48 வாரத்துக்குச் சேர்த்துக் கட்டினால் 4 வாரம் இலவசம் என்றும் சொல்கிறார்கள். இதைத் தொடரலாமா?

பதில்: உங்கள் மாமியார் சொல்லும் கணக்கு சரியானதுதான், ஆனால் அது பாதிக் கணக்கு. வாரத்துக்கு 600 ரூபாய், 6 கிலோ காய் என்று பார்த்தால் கிலோ 100 ரூபாய் ஆகிறது. ஆனால் நீங்கள் சமைத்துச் சாப்பிடுவது 4 கிலோதான் என்பதால், உண்மையில் ஒரு கிலோவுக்கு 150 ரூபாய் கொடுக்கிறீர்கள். குப்பைக்குப் போவதை அரை கிலோவுக்குள் கொண்டுவந்துவிட்டால் அதே காய் கிலோ சுமார் 109 ரூபாய்க்கு வந்துவிடும். பண்ணையிடம் ஒரு ரூபாய்கூடப் பேரம் பேசாமல், உங்கள் சமையலறையிலேயே கிடைக்கும் தள்ளுபடி இது.

சந்தை விலைக்கும் பண்ணை விலைக்கும் இடையே உள்ள 250 ரூபாய் வேறு வகையான செலவு. பூச்சிமருந்து அடிக்காத காய் வேண்டும், விதைக்கும் காலத்தில் விவசாயி கையில் வட்டியில்லாப் பணம் இருக்க வேண்டும் என்று தெரிந்தே கொடுக்கிற கூடுதல் தொகை அது. உங்கள் வருமானத்துக்கு அது தாங்கும் என்றால், அதை வீண் செலவு என்று நான் சொல்லமாட்டேன். ஆனால் குப்பைக்குப் போகும் 2 கிலோவின் விலை 200 ரூபாய், கையில் காய் இருக்கும்போதே சந்தையில் மறுபடி வாங்கும் காய்க்கு 100 ரூபாய், ஆக வாரம் 300 ரூபாய் யாருக்கும் பயனில்லாமல் போகிறது. மீதமுள்ள 8 வாரத்தில் அது 2,400 ரூபாய். இப்படியே ஓராண்டு போனால் 15,600 ரூபாய். அடைக்க வேண்டிய ஓட்டை இதுதான்.

கட்டிய பணம் போய்விட்டதே என்பதற்காக மேலும் தொடர வேண்டியதில்லை. அதே சமயம், பாதியில் நிறுத்தினால் பணம் திரும்பாது என்ற நிலையில் வருகிற காயை வேண்டாம் என்பதிலும் லாபமில்லை. எனவே இந்த 8 வாரத்தையும் ஒரு சோதனைக் காலமாக வைத்துக்கொள்ளுங்கள்.

காய் வீணாவது பெரும்பாலும் அடுப்பில் அல்ல, அது வந்து சேரும் முதல் மாலையில்தான் தீர்மானமாகிறது. பையை அப்படியே குளிர்பதனப் பெட்டிக்குள் தள்ளிவிடாமல், சனிக்கிழமை மாலை அரை மணி நேரம் அதற்கென ஒதுக்குங்கள். கீரையைக் கழுவாமல், பழுத்த இலைகளைக் கிள்ளிப்போட்டு, வேரை நறுக்கி, உலர்ந்த பருத்தித் துணியில் சுற்றி வையுங்கள். ஈரத்தோடு நெகிழிப் பைக்குள் போன கீரை இரண்டு நாளில் கொழகொழத்துவிடும். முள்ளங்கி, பீட்ரூட்டின் தழை கிழங்கிலுள்ள ஈரத்தை இழுத்துக்கொண்டே இருக்கும் என்பதால், அன்றைக்கே அதை அறுத்துத் தனியாக எடுத்துவிட வேண்டும். அந்தத் தழையும் நீங்கள் காசு கொடுத்து வாங்கியதுதான். பாசிப்பருப்பும் தேங்காய்த் துருவலும் சேர்த்துப் பொரியல் செய்தால் ஞாயிற்றுக்கிழமைக்கு ஒரு காய் ஆயிற்று. பழுத்த வாழைப்பழத்துக்குப் பக்கத்தில் கீரையையோ வெள்ளரியையோ வைக்காதீர்கள், சீக்கிரம் மஞ்சளாகிவிடும்.

அதன்பின் எது முதலில் கெடுமோ அதை முதலில் சமைப்பது. கீரையும் வெண்டையும் திங்களுக்குள், பீன்ஸும் கத்தரியும் புதனுக்குள், சௌசௌ, பீட்ரூட், பூசணி கடைசியில். மலையிலிருந்து வரும் பையில் சௌசௌ அடிக்கடி இருக்கும், வீட்டில் சலித்துப்போவதும் அதுதான். அதன் தோலை உளுத்தம்பருப்பு, காய்ந்த மிளகாய், புளியோடு வதக்கி அரைத்தால் இட்லிக்குத் துவையல், சதைப்பகுதி கூட்டுக்கு. பீட்ரூட்டை மகள் தொடுவதில்லை என்றால், சேலத்துப் பிள்ளைகளுக்கு அதைச் சாப்பிட வைக்கும் வழி ஊரிலேயே இருக்கிறது: பீட்ரூட்டையும் கேரட்டையும் துருவி, வெங்காயம், இரண்டு சட்னியோடு இரண்டு தட்டுவடைகளுக்கு நடுவே வைத்து, வீட்டிலேயே தட்டுவடை செட் போட்டுக் கொடுங்கள். வெள்ளிக்கிழமை மிஞ்சுகிற அரைக்கால் கிலோ பீன்ஸும் ஒற்றைக் கேரட்டும் அன்றைய சாம்பாருக்கோ அவியலுக்கோ போகட்டும். கொத்தவரையும் பாகற்காயும் அதிகமாக வரும் கோடை வாரங்களில் வற்றல் போடலாம். உங்கள் மாமியாரின் கைப்பக்குவம் இங்கே பணமாகவே மதிப்புள்ளது. மழை நாட்களில் வற்றலுக்கு முயல வேண்டாம், பூசணம் பிடித்து காயும் உப்பும் சேர்ந்து வீணாகும்.

உழவர் சந்தைக்குப் போகும் நாளை சனிக்கிழமைக்கு முன் வைக்காமல், பை வந்து பிரித்துப் பார்த்த பிறகு வைத்துக்கொள்ளுங்கள். வெங்காயம், தக்காளி, உருளைக்கிழங்குக்கு 150 ரூபாய் மட்டும் கையில் எடுத்துச் செல்லுங்கள். குளிர்பதனப் பெட்டிக் கதவில் ஒரு தாளை ஒட்டி, தூக்கிப்போடும் காயின் பெயரையும் தோராயமான எடையையும் எழுதி வாருங்கள். நான்கு வாரம் எழுதினாலே எந்தக் காய் உங்கள் வீட்டில் செலவாகவில்லை என்பது தெரிந்துவிடும். அந்தத் தாளோடு பண்ணை நடத்துபவர்களிடம் பேசுங்கள். இத்தகைய பண்ணைகள் பலவற்றில் அரைப் பங்கு, ஒரு வாரம் விட்டு ஒரு வாரம், ஊருக்குப் போகும் வாரம் நிறுத்திவைப்பது போன்ற ஏற்பாடுகள் உண்டு. இல்லையென்றாலும் பக்கத்து வீட்டாரோடு ஒரு பங்கைப் பாதிப் பாதியாக எடுத்துக்கொள்ள யாரும் தடை சொல்லப்போவதில்லை. நால்வர் உள்ள, இருவர் மதிய உணவை வெளியில் சாப்பிடக்கூடிய வீட்டுக்கு 6 கிலோ அதிகம் என்றே எனக்குத் தோன்றுகிறது.

ஓராண்டுச் சலுகைக்கு இப்போது ஒப்புக்கொள்ளாதீர்கள். 28,800 ரூபாய் ஒரே தவணையில் கட்டினால் 2,400 ரூபாய் மிச்சம். ஆனால் இப்போதைய அளவில் காய் வீணானால் அதே 52 வாரத்தில் 10,400 ரூபாய் குப்பைக்குப் போகும். மேலும் வங்கி வைப்புத்தொகைக்கு 5 லட்சம் ரூபாய் வரை காப்பீடு இருக்கிறது; பண்ணைக்குக் கட்டும் முன்பணத்துக்கு அப்படி எதுவும் கிடையாது. பங்கு எடுப்பதென்றாலே விளைச்சலின் ஏற்ற இறக்கத்தையும் விவசாயியோடு சேர்ந்து ஏற்பதாகத்தான் பொருள். தொடர்மழையில் கீரை அழுகினால் அந்த வாரப் பை இளைத்துத்தான் வரும். அதை நியாயம் என்றே கருதுகிறேன், ஆனால் அந்த நியாயத்தை 12 வாரப் பணத்தோடு நிறுத்திக்கொள்வது உங்கள் குடும்பத்துக்குப் பாதுகாப்பு.

புதுப்பிக்கும் முன், மழையில் காய் வராத வாரத்துக்கு ஈடு உண்டா, பங்கை வேறொருவருக்கு மாற்றலாமா என்பதை எழுத்தில் கேட்டு வாங்குங்கள். இயற்கை விளைச்சல் என்பதற்காகத்தான் கூடுதல் விலை கொடுக்கிறீர்கள் என்பதால், விவசாயிகள் குழுவாகச் சேர்ந்து ஒருவரையொருவர் சரிபார்த்துப் பெறும் பி.ஜி.எஸ். சான்றோ, தமிழ்நாடு அரசின் அங்கக (இயற்கை வேளாண்மை) சான்றோ இருந்தால் காட்டச் சொல்லுங்கள். இல்லையென்றால் ஒரு ஞாயிற்றுக்கிழமை மலையேறிப் போய்த் தோட்டத்தை நேரில் பார்த்துவிட்டு முடிவெடுங்கள். எட்டாவது வார முடிவில் தூக்கிப்போடும் காய் வாரம் அரை கிலோவுக்குள் வந்திருந்தால் முழுப் பங்கையே இன்னொரு 12 வாரத்துக்குப் புதுப்பிக்கலாம். ஒரு கிலோவுக்கு மேல் இருந்தால் அரைப் பங்குக்கு மாறுங்கள். மிச்சமாகும் தொகையை மகள் பெயரில் அஞ்சலகத் தொடர் வைப்பில் போட ஏற்பாடு செய்யுங்கள்.