வாசகர் கேள்வி பதில்: பழைய மின்னடுப்பும் சூடறியும் பர்னரும்

கேள்வி: நியூஜெர்சியில் நாங்கள் வாங்கிய வீட்டில் 1950களின் பிற்பகுதியைச் சேர்ந்த மின்னடுப்பு ஒன்று இருக்கிறது. அதன் நான்கு பர்னர்களில் ஒன்றின் நடுவே காசு அகலத்தில் ஓர் உலோக வட்டு உள்ளது. அதற்குரிய குமிழில் ஃபாரன்ஹீட் எண்கள் பொறிக்கப்பட்டுள்ளன. எந்த எண்ணில் வைத்தாலும் அந்தப் பர்னர் முழுச் சூட்டில் சிவந்து, பாலை அடிப்பிடிக்க வைக்கிறது. பார்க்க வந்த மெக்கானிக், தெர்மோஸ்டாட் போய்விட்டது, அடுப்பையே மாற்றிவிடுங்கள் என்கிறார். அப்படித்தான் செய்ய வேண்டுமா?

பதில்: அவர் சொல்வது சரியாகவும் இருக்கலாம். ஆனால் தெர்மோஸ்டாட்டைக் குற்றம் சொல்வதற்கு முன் பார்க்க வேண்டியவை சில உண்டு. அந்தக் காலத்தில் ஃப்ரிஜிடேர் நிறுவனம் 'ஹீட் மைண்டர்' என்றும், ஜெனரல் எலக்ட்ரிக் 'சென்சி-டெம்ப்' என்றும் பெயரிட்டு விற்ற பர்னர்களின் வகையைச் சேர்ந்தது உங்களுடையது. (ஃப்ரிஜிடேர் அப்போது கார் தயாரிப்பாளரான ஜெனரல் மோட்டார்ஸின் கையில் இருந்தது.) நடுவில் இருக்கும் வட்டுதான் சென்சார். அடியிலுள்ள ஸ்பிரிங் அதைத் தூக்கிப் பிடித்துப் பாத்திரத்தின் அடியோடு ஒட்ட வைக்கிறது. பாத்திரம் குறித்த சூட்டை எட்டியதும் மின்சாரம் நிற்கும். ஆறத் தொடங்கியதும் மீண்டும் வரும். ஆகவே வட்டு பாத்திரத்தைத் தொடாவிட்டால், பாத்திரம் இன்னும் சூடேறவில்லை என்று எண்ணிக்கொண்டு பர்னர் எரிந்துகொண்டே இருக்கும். அறுபது ஆண்டுகளாகப் பொங்கி வழிந்த பாலும் பாகும் கருகி ஸ்பிரிங்கைப் பிடித்துக்கொள்வதுதான் நான் அடிக்கடி காணும் கோளாறு.

முதலில் அடுப்புக்கு வரும் பிரேக்கரை இறக்கிவிடுங்கள், அல்லது ஃபியூஸைக் கழற்றிவிடுங்கள். அமெரிக்க வீடுகளில் பர்னருக்கு இரண்டு ஃபேஸ் கம்பிகள் வழியாக 240 வோல்ட் வருகிறது. பழைய தெர்மோஸ்டாட்டுகளில் சில அவற்றில் ஒன்றை மட்டுமே துண்டிப்பதால், குமிழை அணைத்த பிறகும் பர்னரின் சூடேறும் சுருளில் மின்சாரம் நிற்கக்கூடும். பிறகு வட்டை விரலால் அழுத்திப் பாருங்கள். அது தடையின்றி உள்ளே போய், விட்டதும் சுருளின் மட்டத்துக்குச் சற்று மேலே எழும்ப வேண்டும். சிக்கினால் வெதுவெதுப்பான சோப்பு நீரில் நனைத்த துணியால் ஊற வைத்துத் துடைத்தெடுங்கள். கத்தி முனையால் நெம்ப வேண்டாம்.

வட்டு நன்றாக அசைந்தும் கோளாறு தொடர்ந்தால், அடுப்பின் மேல்தட்டைத் தூக்கி, வட்டிலிருந்து குமிழுக்குப் போவது என்னவென்று பாருங்கள். இரண்டு மெல்லிய கம்பிகள் போனால் அது மின்தடையை அளந்து வேலை செய்யும் வகை. அதன் கம்பி முனைகளையும், சிறு மின்மாற்றி இருந்தால் அதையும் சோதிக்க வேண்டும். கம்பி போன்ற ஒரு நுண்குழாய் போனால் அது திரவ வகை. வட்டுக்குள் இருக்கும் திரவம் சூட்டில் விரிந்து, குழாய் வழியே குமிழின் பின்னுள்ள சவ்வைத் தள்ளி ஸ்விட்சைத் திறக்கும். இந்தக் குழாய் மடிந்து வெடித்துத் திரவம் கசிந்துவிட்டால் தள்ளுவதற்கு ஒன்றும் இருக்காது. நீங்கள் சொல்லும் அதே அறிகுறிதான் தோன்றும்.

இதை உறுதிசெய்ய எளிய சோதனை ஒன்று உண்டு. மின்சாரம் துண்டித்த நிலையிலேயே தெர்மோஸ்டாட்டின் கம்பிகளைக் கழற்றி, அதன் தொடர்பு முனைகளில் மல்டிமீட்டரை (மின்தொடர்பையும் மின்தடையையும் காட்டும் கருவியை) வைத்து, குமிழை மிகக் குறைந்த சூட்டில் நிறுத்துங்கள். வேறொரு பர்னருக்கு மின்சாரம் தேவைப்படாதபடி, கெட்டிலில் கொதிக்க வைத்த நீரைத் தட்டையான அலுமினியப் பாத்திரத்தில் ஊற்றி வட்டின் மேல் வையுங்கள். சில நிமிடங்களில் தொடர்பு அறுந்ததை மீட்டர் காட்டினால் தெர்மோஸ்டாட் உயிரோடுதான் இருக்கிறது. நீர் ஆறும்வரை அறுபடவே இல்லையென்றால் மெக்கானிக் சொன்னதே சரி. திரவத்தை வீட்டில் மறுபடி நிரப்ப முடியாது. பழைய அடுப்பு ஒன்றிலிருந்து எடுத்த, அதே மாதிரிக்குரிய பாகத்தைத் தேட வேண்டும். கிடைக்காவிட்டாலும் அடுப்பைத் தூக்கி எறியத் தேவையில்லை. அந்தச் சுருளின் வாட் அளவுக்கேற்ற, 240 வோல்ட்டுக்குரிய சாதாரணச் சூட்டு ஸ்விட்சைப் பொருத்தினால், சூடறியும் தன்மை போனாலும் பர்னர் மற்ற மூன்றையும் போல உழைக்கும்.

கேள்வி: எங்கள் அடுப்பில் இதற்கு நேர்மாறு. தோசைக்கல் காய்வதற்குள் பர்னர் அணைந்துவிடுகிறது. சாதாரண வாணலியில் இந்தத் தொல்லை இல்லை.

பதில்: வாணலியில் சரியாக இருப்பதால் பர்னரில் பழுது இருக்க வாய்ப்பு குறைவு. கனமான இரும்புக் கல்லில் சூடு மெதுவாகத்தான் பரவும். வட்டு தொடும் நடுப்பகுதி குறித்த சூட்டை எட்டும்போது, சுருளுக்கு வெளியே நீளும் விளிம்பு இன்னும் ஆறியே இருக்கும். குமிழை 400 ஃபாரன்ஹீட்டுக்கு அருகில் வைத்து, பத்து நிமிடம் பொறுத்து, பர்னர் இரண்டு மூன்று முறை அணைந்து எரிந்த பிறகு மாவை ஊற்றிப் பாருங்கள். இன்னொன்றையும் கவனிக்கலாம்: வட்டைச் சுற்றி, சுருளின் நேரடிச் சூடு அதில் படாமல் தடுக்கும் உலோகக் கிண்ணம் போன்ற மறைப்பு இருக்கும். அது கழன்று போயிருந்தால் எல்லாப் பாத்திரத்திலும் பர்னர் சீக்கிரம் அணையும். என்னைக் கேட்டால், இந்தப் பர்னரைப் பாலுக்கும் பாயசத்துக்கும் ஒதுக்கிவிட்டு, தோசையைப் பக்கத்துப் பர்னருக்கு மாற்றிக்கொள்வேன்.

கேள்வி: சூடறியும் பர்னர் அடியோடு எரியவில்லை. சுருளை எப்படிச் சோதிப்பது? உள்ளே கம்பிகளின் மேல் வெண்ணிற நார் உறை இருக்கிறது. அதை உரித்துப் புதிய முனை போடலாமா?

பதில்: உரிக்காதீர்கள். அந்தக் கால அடுப்புகளின் கம்பி உறைகளில் கல்நார், அதாவது ஆஸ்பெஸ்டாஸ், பயன்படுத்தப்பட்டது. அதன் தூசு நுரையீரலுக்குக் கேடு. உறை பிய்ந்து உதிர்கிற நிலையில் இருந்தால், அதைக் கையாளப் பயிற்சி பெற்றவரிடம் விட்டுவிடுங்கள்.

சுருளைக் கம்பிகளிலிருந்து விடுவித்து மல்டிமீட்டரால் அளக்கலாம். 240 வோல்ட்டில் 2600 வாட் சுருள் ஏறக்குறைய 22 ஓமும், 1500 வாட் சுருள் 38 ஓமும் காட்டும். ஆறிய நிலையில் சிறிது குறையலாம். முடிவிலி ஓம், அதாவது மின்சாரம் போக வழியே இல்லை என்று காட்டினால், உள்ளே சூடேறும் நிக்ரோம் கம்பி அறுந்துவிட்டது. சுருளின் முனைக்கும் மேலுறைக்கும் இடையே தொடர்பு காட்டினால், அது ஓம் அளவில் சரியாக இருந்தாலும் கழித்துவிட வேண்டும். சுருள் நன்றாக இருந்தால் கருகிய முனைகளைத் தேடுங்கள். 2600 வாட் சுருள் கிட்டத்தட்ட 11 ஆம்பியர் இழுப்பதால், தளர்ந்த திருகு ஒன்றே முனையை எரிக்கப் போதும். அங்கே சால்டர் வைக்கக் கூடாது. வழக்கமான ஈய-வெள்ளீயச் சால்டர் 183 டிகிரி செல்சியஸிலேயே உருகிவிடும். உயர் சூட்டுக்குரிய நிக்கல் முனையையும் கண்ணாடி நார் உறையிட்ட கம்பியையும் அழுத்திப் பொருத்த வேண்டும்.

கேள்வி: 'சென்சி-டெம்ப்' என்ற பெயரில் புதிய சுருள்கள் கடையில் கிடைக்கின்றன. அதை வாங்கி என் பழைய அடுப்பில் போட்டால் சூட்டுக் கட்டுப்பாடு திரும்பிவிடுமா?

பதில்: திரும்பாது. பெயர் மட்டுமே பழையது. சமையல் எண்ணெய் தீப்பற்றுவதைத் தடுக்க, சுருள் அடுப்புகளுக்கான அமெரிக்கப் பாதுகாப்புத் தரம் 2018 முதல் கடுமையாக்கப்பட்டது. புதிய சுருள்களின் நடுவிலுள்ள வட்டு அதற்காக வைக்கப்பட்டது. ஒரு குறிப்பிட்ட எல்லையைத் தாண்டாமல் அது தடுக்குமே தவிர, நீங்கள் குமிழில் கேட்கும் சூட்டை அதற்குச் சொல்ல வழியில்லை.